குழாயடி எஸ்டிமேட்

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் சந்துக்கு அப்போது ஒரே குழாய். அதன் முன்னால் காலையிலேயே மண்ணெண்ணெய் டின்கள் வரிசை பிடித்துவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. டின் நின்றால் இடம் நின்றது.

நான் டவுன் போர்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. அடுத்த ஆண்டு எதற்கு எவ்வளவு செலவு என்று போர்டு போடும் எஸ்டிமேட்டைத் தமிழிலும் எழுதி ஒட்டச் சொன்னார் துரை. மூன்று வாரம் உழைத்தேன். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லி, ஓசை பார்த்து, இடறிய சொல்லைத் தூக்கியெறிந்து, வேறு சொல் தேடி, அதுவும் பிடிக்காமல் அலைந்து எழுதினேன். சந்து முனையில் ஒட்டிவிட்டு யாராவது படிப்பார்களா என்று நின்றேன். ஓர் ஆடு வந்து பசையை நக்கியது.

படித்தவன் ஒருவன்தான். அடுத்த வீட்டு பாயிண்ட்ஸ்மேன். ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். "கிராணி ஐயா, மொத்தத்தை இருபது பங்கா வச்சா ரோட்டுக்கு எத்தனை போகும்?" என்று கேட்டான். அலட்சியமாகச் சொன்னேன். சம்பளத்துக்கு எத்தனை என்றான். அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டம். அவன் வரிசையில் நின்ற இருபது டின்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஏழும் ரோட்டுக்கு. அக்கா, உங்க டின்னும் அதுல போச்சு."

"என் டின்னை எடுத்து எவன் ரோடு போட்டான்?"

"நீங்க காய் வாங்க பாசாருக்கு நடக்கிற ரோடுதான். இந்த ஆறு ஆபீஸ் சம்பளம். நம்ம கிராணி ஐயாவும் இதுக்குள்ளதான் உக்காந்திருக்கார்."

சிரித்தார்கள். ஒரு கிழவி குனிந்து டின்னுக்குள் என்னைத் தேடினாள். விளக்குக்கு, குப்பை வண்டிக்கு என்று பிரித்துக்கொண்டே போனவன், கடைசி டின்னில் நின்றான்.

"புதுக் குழாய்க்கு இது ஒண்ணு. ஊர் முழுசுக்கும். நம்ம சந்து இதுல இல்ல."

சிரிப்பு நின்றது. "அப்ப சேக்கிறது எப்படி?" என்றாள் டின்காரி.

"சனிக்கிழமை போர்டு கூடுறதுக்குள்ள இங்கிலீஷ்ல மனு போகணும். ஐயா நோட்டீஸ்லயே எழுதியிருக்காரே."

எழுதியிருந்தேன். என்ன அழகான வரி அது. அது அவன் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் ஊருக்குக் காது முளைத்தது. என் மூன்று வாரத்தை அவன் பல் விளக்குகிற நேரத்தில் முடித்துவிட்டான். வயிறு எரிந்தது. பகலெல்லாம் எரிந்தது. சோற்றில் எரிந்தது.

மனுவை நான்தான் எழுத வேண்டும் என்று வந்து நின்றான். "பார்க்கலாம்" என்றேன். வியாழன் பார்க்கவில்லை. வெள்ளியும் பார்க்கவில்லை. குழாய் வந்தால் அது அவன் குழாய். வராவிட்டால் யாருடையதும் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இனித்தது.

சனிக்கிழமை ஆபீஸுக்குப் போகும்போது குழாயடியைக் கடந்தேன். வரிசையின் கடைசியில் நெளிந்த டின் ஒன்று. என் மனைவியுடையது. அவள் கொஞ்சம் தள்ளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள்.

ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். என் சொற்கள் ஒன்றும் நிற்கவில்லை. நாலு காகிதம் கிழித்த பிறகு அவனுடைய இருபது டின்களை அப்படியே வரிசையாக வைத்தேன். அவை நின்றன. கூட்டத்துக்கு முன் துரை படித்தார். மீசைக்குள் சிரித்தார்.

"டின் யோசனை யாருடையது, கிராணி?"

"என்னுடையது, ஐயா."

எத்தனை சுலபமாக வந்தது அது.

குழாய் அடுத்த ஆண்டு வந்தது. எங்கள் வீட்டுப் பக்கமாகவே வந்தது. முதல் டின் தண்ணீரைப் பெண்கள் பாயிண்ட்ஸ்மேன் வாசலில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"நீங்க எழுதலேன்னா ஏது தண்ணி?" என்று பாதியை எங்கள் பானையில் ஊற்றினான்.

பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான். துரையிடம் சொன்னதை அவனிடம் சொல்ல அப்போது வாய் எடுத்தேன். தண்ணீர் குடித்து மூடிக்கொண்டேன். இன்றுவரை சொல்லவில்லை. அவன் வீட்டு டின் எங்கள் டின்னுக்கு முன்னால் நிற்கிற காலைகளில் இன்னும் எரிகிறது.