ஆள்காட்டி முட்டைக்கு நான் போட்ட வேலி

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்ததற்கு ரத்தக் கொதிப்புதான் காரணம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். தூக்கம் கெட்டு, வீட்டிலும் வேலையிலும் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். நடந்தால் சரியாகும் என்றார் டாக்டர். ஒரு விடுமுறை நாளில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நடக்கப் போனேன். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை. இதில் என்ன உயிர் பிழைக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது, ஏழெட்டு கூழைக்கடாப் பறவைகள் அந்த நுரைக்கு நடுவே சாவகாசமாக நீந்திப் போயின. அன்று வீட்டில் நான் யாரையும் திட்டவில்லை. அடுத்த மாதமே பைனாகுலர் வாங்கிவிட்டேன்.

ஆலையில் எனக்குக் 'குருவி சார்' என்று பெயர் வைத்தார்கள். கிண்டல்தான். உள்ளுக்குள் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. போன வருடம் சித்திரையில், கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மூக்கண்டப்பள்ளிக்காரர். வீட்டுக்காரர் அங்கே பழைய இரும்பு வியாபாரம் செய்யும் பாய். அதுவரை என்னிடம் அவர் "கால எடுங்க சார்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"சார், உங்களுக்குக் குருவின்னா பிரியமாமே. வாங்க, ஒண்ணு காட்டறேன்."

ஸ்க்ராப் கொட்டும் இடத்துக்குப் பின்னால், ஜல்லி பரப்பிய வெறுந்தரைக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. துடைப்பக் கட்டையை நீட்டிக் காட்டினார். என் ஷூவிலிருந்து நாலடி தள்ளி, ஜல்லியோடு ஜல்லியாக நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். அந்த வழியாக நான் நூறு தடவை போயிருப்பேன்.

"மத்தியானத்துல தள்ளி நின்னு பாருங்க சார். அது பண்றதப் பாத்தா ஆச்சரியமா இருக்கும்."

பழைய டிரம்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை எழுந்தது. கூலிங் டவர் ஒழுகித் தேங்கிய குட்டையில் போய் உட்கார்ந்து வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டது. பிறகு சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் எழுந்து போனது. தொட முடியாத அளவுக்குச் சுடும் கல்லில், ஒழுகும் தண்ணீரை வைத்துக்கொண்டு நான்கு உயிர்களைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் புகையிலும் இரைச்சலிலும்கூட வாழ்ந்துவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆலையில் அடையாளம் போடாத பொருளே கிடையாது. வாளி வைக்கத் தரையில் ஒரு மஞ்சள் கட்டம், குப்பைத் தொட்டிக்கு ஒரு மஞ்சள் கட்டம். அடையாளம் இல்லாதது தொலைந்துபோகும் என்று பதினெட்டு வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். மறுநாள் காலையிலேயே நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து, முட்டைகளைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டினேன். சதுரம் கோணக்கூடாது என்று அளந்து வேறு கட்டினேன். 'பறவை முட்டை, நெருங்க வேண்டாம்' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கிலும் அச்சடித்து, லேமினேட் செய்து மாட்டினேன்.

நெருங்க வேண்டாம் என்று எழுதிப் போட்டால் யார்தான் நெருங்காமல் இருப்பார்கள்? சாப்பாட்டு இடைவேளையில் கூட்டம் வந்துவிட்டது. வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒருவரும் டேப்பைத் தாண்டவில்லை. போனில் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். நான் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு பதில் சொன்னேன். அடுத்த நாள் இன்னும் பெரிய கூட்டம். மூன்றாம் நாள், இந்தப் பறவை வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் அதிசயத்தைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்தேன். அந்த நேரத்தில் அது சுற்றுச்சுவர் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. முட்டையிடம் வர வழியில்லாமல், நனைத்த வயிறு சுவரிலேயே காய்ந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"சார், போதும் சார். வெயிலு ஏறுது, அது கத்துது பாருங்க" என்றார் அக்கா.

"ரெண்டே நிமிஷம்க்கா" என்றேன்.

முட்டைகள் பொரிக்கவில்லை. பொரிக்க வேண்டிய நாள் கடந்தும் பறவை குட்டைக்கும் முட்டைக்குமாக நடந்துகொண்டிருந்தது. கூட்டம் எப்போதோ சலித்துப் போய்விட்டது. ஒருநாள் அதுவும் வரவில்லை. அக்கா கூம்புகளை எடுத்து அடுக்கி, டேப்பைச் சுருட்டி என் மேசைக்குக் கொண்டு வந்து கொடுத்தார்.

"நாலு வருசமா அங்கதான் வெக்குது சார். ஒரு தடவகூட வீணாப் போனதில்ல. தொடப்பத்தக்கூட அந்தப் பக்கம் கொண்டு போவ மாட்டேன். உங்களுக்கு வெவரம் தெரியும்னுதான் காட்டுனேன்."

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு அணைக்குப் போனாலும் பைனாகுலரைக் கண்ணில் வைக்கக் கூச்சமாக இருக்கும். தூரத்திலேயே நின்று, தெரிந்தவரை பார்த்துவிட்டு வருவேன்.

இந்த வருடம் பங்குனி பிறப்பதற்குள்ளாகவே, ஒரு காலையில் கேன்டீனுக்குப் போகும்போது கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் ஆள்காட்டியின் குரல் கேட்டது. கால் தானாக அங்கே திரும்பியது. அக்கா வழியில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த இடம் ஏற்கனவே துப்புரவாகத்தான் இருந்தது.

"வந்துடுச்சாக்கா?" என்றேன்.

"எது சார்?"

பறவை எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வட்டமடித்தது. அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்ல சார். நீங்க போங்க."

ரம்ஜான் மாதம். அவருக்கு நோன்பு. நோன்பு வைத்த வாயால் பொய் சொல்லக்கூடாது என்பது எனக்கே தெரியும். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் என்னால் சொல்ல வேண்டி வந்தது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, கேன்டீனுக்குச் சுற்றுவழியில் போனேன்.