படியில் ஊற்றிய தண்ணீர்

ரூசே நகரத்தில், டான்யூப் நதியைப் பார்த்தபடி நிற்கும் ராயல் ஹோட்டலில் எந்த ராஜா தங்கினார் என்று கேட்டால், பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். அதன் பளிங்குப் படிகளைக் கழுவியது யார் என்று எவனும் கேட்டதில்லை. நெவேனாதான் கழுவினாள், பதினேழு வயதிலிருந்து.

ஒரு கோதுமை வியாபாரி வியன்னாவிலிருந்து சரவிளக்குகளைக் கப்பலில் வரவழைத்து ஆசை ஆசையாகக் கட்டிய ஹோட்டல் அது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வியாபாரியும் இல்லை, ராஜாவும் இல்லை. வாசல் பலகையில் பெயரைக்கூட, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த மாதத்தின் பெயரால், 'செப்டம்பர்' என்று மாற்றியிருந்தார்கள். விளக்குகளுக்கு மட்டும் ஆட்சி மாறியதே தெரியாது. பழைய ஜமீன் தோரணையிலேயே எரிந்துகொண்டிருந்தன.

நெவேனாவின் கணவன் இவான் படகுக்காரன். குழாய் ரிப்பேரால் தண்ணீர் வராத ஒரு காலையில் அவன் அவசரமாகக் கிளம்பிப் போனான். ஊர் வழக்கப்படி அவன் பின்னால் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு இல்லை. போகிற காரியம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓட வேண்டும் என்றுதான் ஊற்றுவது. இவான் திரும்பி வரவில்லை. ஆறு அவனைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு ஹோட்டலை விட்டு யார் கிளம்பினாலும், செம்புப் பாத்திரத்தில் ஒரு ஜெரேனியம் பூவைப் போட்டு, பின்னாலேயே போய்ப் படியில் தண்ணீர் ஊற்றினாள். ஒருமுறை கட்சிக்கார மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"என்ன இது, மூடநம்பிக்கை?"

"படி கழுவறேன், தோழர்."

மேனேஜர் குனிந்து பார்த்தார். படி சுத்தமாகத்தான் இருந்தது.

வாசல்காரன் ஹரலாம்பிக்குத்தான் எரிச்சல். "உன் தண்ணியில வழுக்கி ஒருத்தன் இடுப்ப ஒடைச்சுக்கப்போறான் பாரு!" என்பான்.

"நீயா ஒரு சொட்டு குடுக்கறே? நீ வாயை மூடு," என்பாள் அவள். அவன் கஞ்சத்தனம் ஊரறிந்த விஷயம். ஹரலாம்பி வீட்டில் காய்ச்சிய ப்ளம் சாராயத்தைக் கோட்டுப் பைக்குள் குப்பியில் வைத்திருப்பான். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன். சொந்தத் தம்பி கல்யாணத்திலேயே குப்பியைத் திறக்கவில்லை.

மறுபடியும் ஆட்சி மாறியது. பலகையில் 'ராயல்' திரும்பி வந்தது, விருந்தாளிகள்தான் வரவில்லை. ரொட்டி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்த அந்தக் கெட்ட குளிர்காலத்தில் ஹோட்டலை மூடினார்கள். அதே நாளில் நெவேனா இதய ஆபரேஷனுக்காக சோபியாவுக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. பிழைப்பாளா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

கடைசியாகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். இவான் போன காலையும் இப்படித்தான் இருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றான் ஹரலாம்பி.

"தண்ணி இல்லய்யா. அத்தன பேருக்கு ஊத்தினேன். எனக்கு ஊத்த ஒரு சொட்டு இல்ல."

அவன் அவளையும் காலிப் பாத்திரத்தையும் பார்த்தான். "நட, நட. ரயில் போயிடும்," என்று விரட்டினான். வேலைக்காரர்கள் பின்வாசலால் போவதுதான் வழக்கம். அன்று அவன் முன்கதவைத் திறந்து பிடித்தான். அவள் படி இறங்கியதும் பின்னால் குபுகுபுவென்று ஊற்றும் சத்தம் கேட்டது. ப்ளம் வாசனை மூக்கைத் துளைத்தது.

"யோவ், பூராவுமா ஊத்தறே? பாவி!"

"திரும்பிப் பாக்காத! பாத்தா போச்சு. தண்ணிக்கே காரியம் ஓடுதுன்னா, இதுக்குப் பறக்கும்டி!"

அவள் திரும்பவில்லை. அழுதுகொண்டே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாள்.

பிழைத்து, வசந்தத்தில் வந்து இறங்கினாள். ஹரலாம்பி ஹோட்டலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவில் சங்கிலி. படியில் புறா எச்சம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் எழுந்து, பையிலிருந்த செம்பை எடுத்துப் பூங்காக் குழாயில் நிரப்பி, ஒரு பூவும் பறித்துப் போட்டு, அந்தப் படியில் மெல்ல ஊற்றினாள்.

"யாரு போறாங்கன்னு ஊத்தறே?" என்றான் அவன்.

"யாரும் போகல," என்றாள் நெவேனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படி கழுவறேன், தோழர்."