சத்தியத்துக்கு எழுதிய சூத்திரம்

பாகூர் ஏரித் தண்ணீர் எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும். ஒரு கோடையில், பெரியப்பாவின் முறை நாளில், யாரோ எங்கள் வயல் மடையைத் திறந்துவிட்டார்கள். பழி அப்பா மேல் விழுந்தது. அவர் மாரியம்மன் கோயிலில், ஊர் பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் தெறந்திருந்தா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சி போவட்டும்" என்றார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவரை அதற்கு மேல் யாரும் பழி சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

மறு வருஷம் அப்பாவின் கண்களில் படலம் விழுந்தது. அவ்வளவுதான், திருடன் அகப்பட்டுவிட்டான் என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது.

நான் அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். அங்கே தர்க்கம் என்று ஒரு பாடம். வாக்கியத்தை உரித்து எழுத்தாக்க வேண்டும். வாத்தியாரின் உதாரணங்கள் அவர் நாட்டுப் பனியைப் பற்றியவை. நான் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். ஏரி உடைந்தால் வயல் மூழ்கும். ஏரி உடைவது 'அ', வயல் மூழ்குவது 'ஆ', நடுவில் ஓர் அம்பு. 'அ' நடந்தால் 'ஆ' நடந்தே தீரும். ஆனால் 'ஆ' நடந்ததை வைத்து 'அ' நடந்தது என்று சொல்ல முடியாது. பெருமழையிலும் வயல் மூழ்கும். இந்த அம்பை ஓர் ஊரே திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றது.

மடை திறந்தது 'அ', கண் போனது 'ஆ' என்று பெரியப்பாவுக்கு வரப்பில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

"தெறந்தா கண்ணு போவும்னு அவனே சொன்னான். போச்சி. இதுக்கு இன்னாடா படிப்பு வேண்டிக் கெடக்கு?" என்று அதை மிதித்துக்கொண்டே போனார்.

ஊர் எக்கேடு கெட்டால் என்ன, அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. படலத்தை எடுத்தால் பார்வை வரும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். வண்டியைக் கட்டிவிட்டுக் கூப்பிட்டேன். அப்பா அசையவில்லை. அவருக்கும் ஏரி, வயல், அம்பு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வயலு முழுவ நூறு காரணம் இருக்கும்டா. சாமிகிட்ட நான் சொன்னது ஒண்ணுதான?"

"நீ தெறக்கலியேப்பா."

"தெறக்கலன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அப்ப கண்ணு ஏன் போவுது? தூக்கக் கலக்கத்துல போயி தெறந்துட்டனோ இன்னமோ."

செய்யாததைச் செய்ததாக அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதற்கு எதிராக எந்த எழுத்தை எங்கே போடுவது?

"சாமி போட்டத டாக்டர் எடுக்கக் கூடாதுடா. எடுத்தா அது உன் கண்ணுக்கு வந்துடும்."

கெஞ்சினேன், கத்தினேன், அழவும் அழுதேன். கடைசியில் மாட்டை அவிழ்த்துக் கட்டினேன்.

சில மாதங்களில் அப்பாவுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. பிறகு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் முகத்தைத் தடவிப் பார்ப்பார். விரல்கள் முதலில் கண்ணுக்குத்தான் வரும்.

"உனக்கு நல்லா தெரியுதுல்லடா?" என்பார்.


தெரிகிறது என்பேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.