எஸ்.டி.டி. பூத்தில் நடந்த வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில், தாராபுரத்தில் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான விடுதி ஒன்றில் ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தேன். சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போய்வருவேன். ஒருநாள் மதியம், மீசை முளைத்த ஒரு பையனை நாற்காலியோடு துண்டால் கட்டி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நிர்வாகியிடம் போய், ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இதுகளுக்கு எத்தனை சொல்லிக் குடுத்தாலும் ஏறாதுங்க. நீங்க இனிமே வர வேண்டாமுங்க" என்றார். ஆயாக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் உடம்பு எரிந்தது. அந்த ஆளை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

விடுதிக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் மூத்த ஆயாவை அங்கே வரச்சொல்லி, வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டேன். அவருக்கும் உள்ளே கொதிப்பு இருந்தது. "கட்டுன கை என்ரதுங்க டீச்சர். சொல்லுங்க, செஞ்சுபோடறேன்" என்றார்.

அந்தப் பையனின் கையைப் பிடித்துக் கரண்டியை வாய்வரை கொண்டுபோய், கடைசியில் மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பழகியபின் கொஞ்சம் முன்னாலேயே விட வேண்டும். அடுத்த முறை பேசியபோது, அவன் தட்டைத் தள்ளிவிடுகிறான் என்றார். போனில் எனக்கோ எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். எதிரே நின்றாராம். பின்னால் நின்று பிடிக்கச் சொன்னேன். அதன்பிறகு அவன் தள்ளவில்லை. நிர்வாகி மதியம் வீட்டுக்குப் போய்விடுவதால் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

பெற்றோர் வந்த நாளில், போட்டோவுக்காக நிர்வாகியே கரண்டியோடு அவன் முன்னால் உட்கார்ந்தார். அவன் அவர் கையை விலக்கிவிட்டு, தட்டை இழுத்துத் தானே சாப்பிட்டான். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த அவன் அம்மா எழுந்து நின்றார்.

"அப்பறம் எதுக்குங்க என்ர பையனைக் கட்டிவெக்கோணும்னு சொன்னீங்க?"

மற்ற பெற்றோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆயா போனில் சொன்னதை மறுபடி மறுபடி சொல்லவைத்துக் கேட்டேன். நிர்வாகியின் முகம் எப்படிப் போனது என்பதைக்கூட விடவில்லை.

சில நாள் கழித்து நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். பயிற்சியெல்லாம் தன் ஏற்பாடுதான் என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். முழுக்கக் கெஞ்சவிட்டு, மாட்டேன் என்று போனை வைத்தேன். அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை, இன்றுவரை.

மறுவாரம் தாராபுரம் போனேன். அந்தப் பையனுக்குத் தானே சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. முதுகுக்கு மட்டும் அவன் கை எட்டவில்லை.