ஏரியின் அக்கரை

இன்று ஹீட்டரில் காயும் கம்பளிக் கையுறையின் ஈரமணம் மூக்கில் பட்டதும், அகதிமுகாமிலிருந்து ஒரு ஞாயிறு அம்மா, அப்பா, நான் மூவரும் போன ஏரிக்கரைப் பூங்கா நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. அன்று உட்காரும் வாங்குகளெல்லாம் பனியில் புதைந்திருக்க, உறைந்த ஏரிமேல் ஆட்கள் சரசரவென்று சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கரை வேறு மாவட்டம். அனுமதியில்லாமல் அகதிகள் அங்கே போகக்கூடாது. முகாமுக்கு வந்தபிறகு அதிகம் பேசாத அம்மா, சேலைக்குமேல் யாரோ கொடுத்த கோட்டுடன் ஐஸில் இறங்கி நேரே நடந்தார்.

“அங்கால போகாதையும். பொலிஸ் பிடிச்சால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்,” என்றார் அப்பா.

அம்மா நிற்கவில்லை. அக்கரையில் ஏறிக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“அங்கையும் இதே குளிர்தான்.”

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். என் கையை அம்மாவிடம் கொடுத்தார்.

“அப்ப நானும் ஒருக்கா அங்கால போட்டு வாறன்,” என்று ஐஸில் இறங்கினார்.