இங்கிலீஷ் கும்மி

உட்கார்ந்து படித்தால் பாவாத்தாளுக்கு இங்கிலீஷ் வராது. இதை அவள் கண்டுபிடிப்பதற்குள் வருஷத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

அதுவரை எல்லோரையும் போலத்தான் படித்தாள். கோயமுத்தூரில் பெண் வாத்தியார்களைத் தயார் செய்யும் பள்ளிக்கூடம் அது. கடைசி பெஞ்சில் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நவுன், நவுன் என்று முனகுவாள். ஆள், ஊர், சாமான் எதன் பெயராக இருந்தாலும் நவுன். பெயரைச் சொல்லாமல் அதற்குப் பதிலாகச் சொல்வது ப்ரோநவுன். இதெல்லாம் அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. வார்த்தைகள்தான் நிற்கவில்லை. காலையில் பக்கெட், ரோப், காட்டன் என்று உருப்போட்டால், மத்தியானம் சோறு இறங்கும்போது அவையும் சேர்ந்து இறங்கிவிடும்.

வயது இருபத்தொன்று. பல்லடத்துப் பக்கம் தோட்டம். கல்யாணமான மறு வருஷமே புருஷன் காலராவில் போனான். அண்ணன் சென்னிமலை அவளைத் தன் தோட்டத்துக்கே அழைத்து வந்துவிட்டான். நல்ல அண்ணன். ஒரு சொல் கடிந்து பேசமாட்டான். ஆனால் அங்கே பருத்தி எடுத்து முடிந்த பொழுது, மறுபடி பருத்தி எடுக்க விடிந்தது. வாத்தியார் வேலைக்குப் படிக்கிறேன் என்று அவளாகத்தான் கேட்டாள்.

"செரி, ஒரு வருசம் போய்ப் பாரு அம்மிணி. இங்கிலீசுல தேறாட்டி நானே வண்டி பூட்டீட்டு வந்து கூட்டீட்டுப் போயிருவேன். அப்பறம் படிப்பு கிடிப்புன்னு பேசப்படாது."

"செரீங்கண்ணா."

பள்ளிக்கூடத்தின் சட்டமும் அதுதான். வருஷக் கடைசியில் இங்கிலீஷ் வார்த்தைப் பரீட்சை. தேறினால் இரண்டாம் வருஷம், தேறாவிட்டால் வீடு.

பக்கத்து பெஞ்சில் சாஜிதா பேகம். கோட்டைமேட்டுப் பெண். பதினேழு வயது. திரை போட்ட ஜட்காவில் வந்து, திரை போட்ட ஜட்காவில் போவாள். இரண்டுக்கும் நடுவே அவள் வாய் ஓயாது. சாயங்காலம் ஜட்கா வரத் தாமதமாகும். அதுவரை இருவரும் பள்ளிக்குப் பின்புறத்து வாசலில், வாதநாராயண மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே படிப்பார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம். வாலாங்குளத்துக் கொசு முழுவதும் அன்றைக்கு அந்த வாசலுக்குத்தான் வந்திருந்தது. சாஜிதா புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வாளிக்கு என்னக்கா?"

பாவாத்தாளுக்கு வரவில்லை. காதோரம் ஒரு கொசு பாடியது. படாரென்று இரண்டு கையையும் சேர்த்து அறைந்தாள்.

"பக்கெட்டு!"

"கயித்துக்கு?"

யோசித்தாள். இன்னொரு கொசு. படார்.

"ரோப்பு!"

சாஜிதா புத்தகத்தை மூடினாள். "அக்கா, உங்களுக்குப் புத்தி தலையில இல்ல. கையில இருக்கு."

கையில் மட்டுமல்ல, காலிலும் இருந்தது. கைதட்டி, காலை மாற்றி வைத்து, குனிந்து நிமிர்ந்து சொன்னால் வார்த்தைகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. அது கும்மி. அது தெரிந்த கணமே பாவாத்தாள் நின்றுவிட்டாள். தாலியறுத்தவள் கும்மிக்குப் போகக் கூடாது. மாரியம்மன் நோன்பில் ஊரே சுற்றிச் சுற்றிக் கும்மியடிக்க, அவள் சென்ற மூன்று வருஷமாகத் தூரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நின்றிருக்கிறாள்.

"என்னக்கா நின்னுட்டீங்க?"

சொன்னாள்.

சாஜிதா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு அது அதிகம். "இது எந்தச் சாமிக்கும் அடிக்கிறதில்லையேக்கா. இங்கிலீஷுக்கு அடிக்கிறது. இங்கிலீஷுக்கு யார் தாலி கட்டியிருக்காங்க, யார் கட்டலைன்னு தெரியவா போகுது?"

மறுநாள் இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாவாத்தாள் பாட்டுக் கட்டினாள்.

வெல்லுன்னாக் கெணறு அம்மிணி – அதுல
வாட்டர் ஊறுனாத் தண்ணியடி
ஃபீல்டுன்னாக் காடு அம்மிணி – அங்க
காட்டன் வெடிச்சாப் பருத்தியடி

பாடப் புத்தகம் எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, யாரும் பார்த்திராத சாமான்களையெல்லாம் அதில் போட்டிருந்தார். லைட்ஹவுஸுக்கு என்ன கை காட்டுவது? ஒருத்தி மதுக்கரை சிமெண்டு பாக்டரியின் புகைபோக்கியைக் காட்டினாள். கை உயர்ந்தது. ஸ்நோவுக்கு, ஜின்னிங் மில் வாசலில் பஞ்சு பறக்குமே, அதை முகத்திலிருந்து தட்டிவிடுவதுபோல ஒரு தட்டு.

ப்ரோநவுன்தான் எல்லாவற்றிலும் சுலபமாக அமைந்தது. ஐ என்றால் தன் கையோடு தன் கை. யூ என்றால் எதிரே நிற்பவள் உள்ளங்கையில் ஓர் அடி. ஹீயும் ஷீயும் தோளுக்கு மேல் விரலைக் காட்டுவது. தே என்றால் இரண்டு கையையும் வெளியே வீசுவது. வீ வரும்போது எல்லோரும் உள்ளே பாய்ந்து ஒரே தட்டு. அந்த வீயில் தினமும் யாராவது ஒருத்தி யார்மேலாவது விழுவாள். எழுந்திருக்கச் சிரிப்பு விடாது.

பரீட்சை நாள் காலையில் வாசல் கேட்டுக்கு வெளியே மாட்டு வண்டி நின்றது. சென்னிமலை மண்டிக்குப் பருத்தி போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தான். மாடுகளை அவிழ்த்துச் சோளத்தட்டு போட்டான்.

"அவுசரமில்ல கண்ணு. மெதுவா எழுதீட்டு வா. பொழுது மசங்கறதுக்குள்ள ஊடு போய்ச் சேந்தாப் போதும்" என்றான்.

அவள் தேறுவாள் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. பாவாத்தாள் உள்ளே போனாள்.

மேற்பார்வைக்குக் கல்வி ஆபீசிலிருந்து நரசிம்மலு வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. அச்சடித்த தாளைக் கொடுத்தார். இடப்பக்கம் தமிழ் வார்த்தைகள், வலப்பக்கம் இங்கிலீஷ் எழுத வெற்றிடம். முதல் வார்த்தை கப்பல். பாவாத்தாளுக்குத் தெரியவில்லை. மனம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. வெளியே மாட்டின் கழுத்துமணி கேட்டது.

அவள் அறியாமலே பெஞ்சுக்கு அடியில் அவள் கால் எழும்பி விழுந்தது. மறுபடி விழுந்தது. வெல் வந்தது. கிணறு எங்கே இருக்கிறதென்று தேடி அதற்கு எதிரே எழுதினாள். வாட்டர் வந்தது. அதைத் தேடி எழுதினாள்.

பக்கத்து பெஞ்சில் சாஜிதாவின் வளையல் மெதுவாகக் குலுங்கியது. முன்வரிசையில் ஒரு கால். அதற்கப்பால் ஒரு கால்.

நரசிம்மலு நடப்பதை நிறுத்தினார். சத்தம் பெரிதல்ல. அவருடைய கண்ணில் பட்டது வேறு. கப்பலை இந்தப் பெண்களில் ஒருத்தியும் தொடவில்லை. ஆறு பேனாவும் சேர்ந்தாற்போலத் தாளின் நடுவில் இறங்கின. சேர்ந்தாற்போல மேலே ஏறின. சேர்ந்தாற்போல மைக்கூட்டுக்குப் போயின. இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் இப்படி ஒரு களவைக் கண்டதில்லை.

"பேனாவைக் கீழே வை!"

தாள்களைப் பறித்துக்கொண்டு தலைமை ஆசிரியை எஸ்தர் அம்மாளின் அறைக்குப் போனார். பாவாத்தாளை முன்னால் நடக்கவிட்டார்.

"காலிலேயே தந்தி அடிக்கிறாங்கம்மா! இந்தப் பொண்ணு அனுப்புது, மத்ததெல்லாம் வாங்கி எழுதுது. எல்லாப் பெயரையும் அடிச்சிர வேண்டியதுதான்."

எஸ்தர் அம்மாள் பாளையங்கோட்டைக்காரர். உயரம், வாட்டசாட்டம், குறைவான பேச்சு. "என்ன சொல்றார் கேட்டியா?" என்றார்.

பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வண்டியின் நுகத்தடி தெரிந்தது. தன்னோடு போனால்கூடப் பரவாயில்லை, சாஜிதாவின் பெயரும் அல்லவா போகும்.

"காப்பியடிக்கலீங்கம்மா. கும்மியடிச்சோமுங்க."

"என்னது?"

"உக்காந்தா வராதுங்க. கும்மியடிச்சாத்தானுங்க வரும். கால் மட்டும் அடிச்சுதுங்க. வாயத் தொறக்கவே இல்லீங்க."

நரசிம்மலு கூரையைப் பார்த்துச் சிரித்தார். எஸ்தர் அம்மாள் சிரிக்கவில்லை.

"சரி. மத்தவங்க உள்ளேயே இருக்கட்டும். ஜன்னலைச் சாத்துங்க. நீ வாசலுக்கு வந்து தனியா அடிச்சுக் காட்டு. முழுசா வந்தா நீ தேறினதாக் கணக்கு. பொய்யின்னா எல்லாரும் வீட்டுக்கு."

வாதநாராயண மரத்தடியில் பாவாத்தாள் நின்றாள். நரசிம்மலு தாளும் பென்சிலுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஓர் ஆண்பிள்ளை பார்க்க, வெள்ளைச் சேலையோடு, பட்டப்பகலில். கை எழவே மாட்டேன் என்றது. முந்தானையை இடுப்பில் செருகினாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் தட்டைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை, கும்மி அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கிணறு போயிற்று, காடு போயிற்று, லைட்ஹவுஸ் உயர்ந்தது, பஞ்சு பறந்தது. கப்பல்கூட வந்துவிட்டது. பென்சில் டிக் போட்டுப் போட்டு ஓடியது.

"நிறுத்து! கயிறு?" என்று நரசிம்மலு குறுக்கே பாய்ந்தார்.

"இப்படி நடுவுல கேட்டா வராதுங்க. வாளியிலிருந்து வரோணுமுங்க." திரும்பப் போய் வாளியைப் பிடித்துக் கயிற்றுக்கு வந்தாள்.

பெயர்கள் முடிந்து ப்ரோநவுன். ஐ. தன் கையோடு தன் கை. அடுத்து வலது கையை முன்னே வீசினாள். எதிரே கை இல்லை. வெறும் காற்று. அடி விழவில்லை, வார்த்தையும் வரவில்லை.

நின்றாள். மறுபடி ஐ. மறுபடி காற்று.

"பார்த்தீங்களாம்மா! சொல்லிக் குடுக்க ஆளில்லேன்னா அவ்வளவுதான்" என்றார் நரசிம்மலு.

"எதுக்கு நிக்கிறே?" என்றார் எஸ்தர் அம்மாள்.

"எதிர்க்க ஒரு கை வேணுமுங்க."

எஸ்தர் அம்மாள் படியிறங்கி வந்தார். செருப்பை ஓரமாக விட்டார். பாவாத்தாளுக்கு நேரெதிரே நின்று, பிரம்பு பிடித்துக் காய்த்த உள்ளங்கையை நீட்டினார்.

"ஐ" என்றாள் பாவாத்தாள். பிறகு தயங்கினாள். தலைமை ஆசிரியையை எப்படி அடிப்பது?

"அடி."

"யூ!"

மரத்தில் இருந்த காக்கை பறந்தது. அந்த அடியோடு மீதியெல்லாம் வந்தன. தோளுக்கு மேல் விரல் போனபோது அது நேராக நரசிம்மலுவைக் காட்டியது. "ஹீ!" அவர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். தே. கடைசியில் வீ. உள்ளே பாய வேண்டும். பாவாத்தாள் பாய்ந்தாள். எஸ்தர் அம்மாளும் ஓர் அடி பாய்ந்தார். சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஐந்து ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் தட்டின.

நரசிம்மலு தாளை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார், யார்மேலோ குறை சொல்வதுபோல. "ஆனா மத்தவங்களும் இப்படித் தனித்தனியா அடிச்சுக் காட்டணும். எனக்கு விதின்னு ஒண்ணு இருக்கு."

"நியாயம்தான்" என்றார் எஸ்தர் அம்மாள். சிவந்துபோன கையை உதறிக்கொண்டார். "அடுத்தது யாரு? சாஜிதாவா? வரச் சொல்லுங்க."

பாவாத்தாள் கேட்டுக்கு ஓடினாள். இருபத்தொரு வயதுப் பெண் அப்படி ஓடக் கூடாது. சென்னிமலை மாட்டை நுகத்தில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"தேறீட்டனுங்கண்ணா!"

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. இன்னும் ஒரு வருசம் இங்கதானுங்க. பருத்தியெடுக்க வேற ஆளப் பாருங்க."

சென்னிமலை ஒரு மாட்டைப் பார்த்தான், மற்ற மாட்டைப் பார்த்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு துண்டுக்கு மேலேயும் தெரிந்தது.

"உங்கண்ணிகிட்ட நானென்னம்மிணி சொல்றது? அவ உனக்குச் சேத்து ஒல வெச்சிருப்பா."

"எனக்குச் சேத்து நீங்களே உண்டு போடுங்க."

உள்ளேயிருந்து படாரென்று ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே சாஜிதாவின் குரல், எஸ்தர் அம்மாளின் குரல், மறுபடி ஒரு படார். மாடுகள் காதை நிமிர்த்தின.

"உள்ள என்ன அம்மிணி சத்தம்? யாராச்சும் அடிச்சுக்கறாங்களா?"

"பரீச்ச நடக்குதுங்கண்ணா" என்றாள் பாவாத்தாள்.