நரிக்குக் கொண்டுபோன சாக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று அடங்கியிருந்த சமயம். வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய விலங்குப் பூங்காவில் நடந்தது இது. பெயர் வேண்டாம். தவறு செய்தது பூங்கா அல்ல, நான்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்று விதி எழுதுவதே என் பிழைப்பு. எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த வியாதிக்குக் கொடுக்கவில்லை. பால் காய்ச்சுவதற்கு நான் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருந்த விதிமுறையைக் கிழித்து என் மனைவி அடுப்பைத் துடைத்தாள். பூங்காவுக்குத் தன்னார்வலர் தேவை என்று கேள்விப்பட்டு வாரத்தில் மூன்று நாள் போகத் தொடங்கினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

அங்கே ஒரு நரி இருந்தது. குட்டியாக இருந்தபோது சாலையில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள். காட்டில் விட்டால் பிழைக்காது. காலையிலிருந்து மாலைவரை, லைசென்ஸ் வாங்க வந்தவன் போல, கூண்டுக்குள் எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும். நின்றால் தன் வாலைத் தானே கடிக்கும். பாதி வாலில் முடி இல்லை. நுனியில் ஆறாத புண். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் வாலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் வாரம் ஒரு முறை வரும் கால்நடை மருத்துவர். காரணம் சலிப்பு என்றும் அவரே சொன்னார். காட்டு நரி நாள் முழுவதும் மோப்பம் பிடித்துத் தேடித்தான் வயிற்றை நிரப்பும். இங்கே பதினோரு மணிக்குத் தட்டில் கறி வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அன்றைய வேலை முடிந்தது. மீதி நேரத்தை அது என்ன செய்யும்? ஓய்வு பெற்றவனுக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை.

எனவே உணவை ஒளித்து வைப்பது, புதுப்புது வாசனைகளைக் கூண்டுக்குள் கொண்டுபோவது என்று முடிவானது. நான் அதற்குப் படிவம் தயாரித்தேன். பதினான்கு கட்டங்கள்.

நரியைப் பராமரித்தவர் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். முதல் நாளே மான்கள் படுத்துப் புரண்ட வைக்கோலை இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தார்.

"இத போட்டா ரெண்டு நாளு மோந்துகினே கெடக்கும் சார்."

"பரிசோதனை பண்ணிச் சான்று வாங்கினீங்களாம்மா? மானோட பூச்சி நரிக்கு வந்தா யார் பொறுப்பு?"

அவர் வைக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தார். "உங்களாண்ட பேப்பர் ஜாஸ்தி ஆய்னே போவுது. அதுக்கு வாலு கம்மி ஆய்னே போவுது," என்று போகிற போக்கில் சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

நான் கண்டுகொள்ளவில்லை. ஏனென்றால் நரிக்கு என்னைப் பிடித்திருந்தது. நான் போனால் மட்டும் எட்டை நிறுத்திவிட்டுக் கம்பியருகே வந்து மூக்கை நீட்டும். 'விலங்கு என்னை அடையாளம் கண்டுகொள்கிறது. நல்லுறவு உருவாகி வருகிறது' என்று பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

கறித்துண்டுகளைச் சோம்பும் பட்டையும் தூவிக் கட்டித் தொங்கவிடக் கெட்டியான சாக்கு வேண்டும். என் பழைய தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பருக்குப் போன் செய்தேன். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர்.

"சாக்கு வெளிய போவக் கூடாதுன்னு ரூல் இருக்கே சார்," என்று இழுத்தார். "ரெஜிஸ்டர்ல எழுதிடவா?"

"அந்த ரூலை எழுதினதே நான்தான்யா. எனக்கே ரெஜிஸ்டரா?"

மறு பேச்சில்லாமல் பத்துச் சாக்கு வந்தது. சோப்புத் தூள் போட்டு மூன்று முறை அலசினேன். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். மூக்கை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. படிவத்தில் 'சுத்தம்' என்ற கட்டத்தில் டிக். 'சோதித்தவர்' நான். 'ஒப்புதல் அளித்தவர்' வேறு யார், நான்தான்.

அன்று காலை நரியை உள்ளறைக்கு மாற்றியாகிவிட்டது. கறி வைத்துக் கட்டிய சாக்கை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். முகர்ந்தவர் அப்படியே நின்றார்.

"சார், தோல் பதம் பண்ற ஷாப்பு வாசன வருது."

"மூணு தடவை அலசியிருக்கும்மா. நானே மோந்து பார்த்தேன்."

"நீங்க மோந்தா இன்னா சார் தெரியும்? எங்க வூட்டுக்காரரு இருவது வருசம் ஷாப்புல தோலு ஊறுற டிரம் ஓட்னாரு. அவரு சட்டைய தொவைச்சவ நானு. அவருக்கு ஒரு நாளும் வாசன தெரிஞ்சதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. படிவத்தில் டிக் போட்டாகிவிட்டதே! அவர் கட்டை அவிழ்த்துக் கறியை ஒரு வாளியில் கொட்டினார். சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அடித் தையலை விரல் நகத்தால் நிமிண்டி என் முன்னே நீட்டினார்.

நகத்தில் வெளிர் நீலப் பொடி.

அந்த நீலத்தை எனக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குரோம் உப்பு ஏற்றிப் பதனிட்ட தோலை இழைக்கும்போது உதிரும் தூள் அது. தோல் வாசனை பிடித்துவிட்டால் நாய், நரி எதுவும் சாக்கைக் கடித்துக் குதறி விழுங்காமல் விடாது. வயிற்றுக்குள் குரோம் போனால் என்ன ஆகும் என்று வருடா வருடம் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான். சாக்கு வெளியே போகக் கூடாது என்று விதி எழுதியதே அதற்காகத்தான். வாலைக் காப்பாற்ற வந்தவன் நரியையே கொன்றிருப்பேன். அதுவும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "எடுத்துகினு போய்டுங்க சார். இங்க குப்பைல போட்டா நாயி இழுக்கும்," என்றார். பிறகு என் தோள்பையைப் பார்த்தார். தொழிற்சாலையில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்த தோல்பை. "அது உங்கள பாத்து வர்ல சார். அந்தப் பைய மோந்துகினு வருது."

அன்று மாலையே பத்துச் சாக்குகளையும் தொழிற்சாலையில் ஒப்படைத்தேன். ஸ்டோர் கீப்பர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ரெஜிஸ்டரில் விதியை மீறியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூங்காப் பதிவேட்டில் 'நல்லுறவு' என்ற வரியை அடித்துவிட்டு 'பை' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் மருத்துவர் மான் சாணத்தைச் சோதனைக்கு அனுப்பினார். நான் கேட்ட சான்றுதான். அந்தக் கேள்வி தவறில்லை என்று இன்றும் சொல்வேன். பூச்சி இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா தன் வீட்டு அரிசிச் சாக்கில் மான் வைக்கோலைத் திணித்து, நடுவே கறியை ஒளித்துக் கட்டினார். நான் பையை ஸ்கூட்டரிலேயே பூட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். நரி என் பக்கம் திரும்பவே இல்லை. சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது, காலால் கிழித்தது, வைக்கோலில் தோளைத் தேய்த்துப் புரண்டது. கறி தீர்ந்த பிறகும் முகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு, நான் பார்த்து முதல் முறையாக, பட்டப்பகலில் படுத்துத் தூங்கியது.

வாலின் நுனி இரண்டு விரற்கடை போய்விட்டது; அதைக் காப்பாற்ற முடியவில்லை. மீதி வாலில் முடி முளைத்திருக்கிறது. எட்டுப் போடுவதும் அடியோடு நின்றுவிடவில்லை. மழை நாளில் கொஞ்சம் போடும்.

என் படிவத்தில் இப்போது பதினைந்து கட்டங்கள். கடைசிக் கட்டம், 'முகர்ந்து பார்த்தவர்'. அதில் அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் கூண்டுக்குள் போகாது. என் மூக்குக்கு எட்டாத வாசனை என் மேலேயே முப்பத்து நான்கு வருடம் இருந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒன்று சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு எவ்வளவுக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவசரமாக அதை இன்னொருவர் மூக்கருகே நீட்டிவிடுகிறேன்.